தறிக்கார அப்பாவோடு ஜப்பான்: 12 நாளை எப்படிப் போடுவது?

காஞ்சித்தறி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் 46 வருடம் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பட்டு நெய்தவர். முட்டி தகராறு செய்ய ஆரம்பித்ததும் மூன்று வருடத்துக்கு முன்பு தறியைப் பிரித்துவிட்டோம். குழியை மூடி டைல்ஸும் போட்டாயிற்று. அப்பா இன்னும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போவார்.

போன மாதம் டிவியில் ஏதோ நிகழ்ச்சியில், ஜப்பானில் ஒரு பாட்டி தறியில் உட்கார்ந்து நெய்வதைப் பத்து விநாடி காட்டினார்கள். "அங்கேயும் கையாலதான் நெய்யறாங்களா?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தப் பாட்டி நாடாவை எந்தக் கையால தள்ளுச்சுன்னு பார்த்தியா?" என்றார். நாடா என்றால் தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டை. எனக்கு விவரம் தெரிந்து அப்பா ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்டது இதுதான். சரி, கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். டோக்கியோ, ஹகோனே, தகயாமா, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, ஒசாகா, மொத்தம் 12 நாள். "கலாச்சார அனுபவம்" என்று தனியாக ஒரு வரி இருந்தது: தேநீர்ச் சடங்கு 45 நிமிடம், கிமோனோ போட்டுப் புகைப்படம், சாமுராய் வாள் வீச்சு. தறி எங்கேயாவது பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பேக்கேஜில் வராது மேடம்" என்றார்கள்.

அதனால் நானே திட்டம் போடலாம் என்று இருக்கிறேன். அப்பா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது, ராத்திரி தயிர் சாதம் இல்லாமல் தூங்கமாட்டார். தரையில் உட்கார முடியாது. படி ஏறுவார், ஆனால் நின்று நின்றுதான். இரண்டு பேருக்கும் ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது. டிக்கெட் உட்பட 5 லட்சத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். லீவு ஏப்ரலில் கிடைக்கும், இல்லாவிட்டால் டிசம்பர் முதல் பாதியில். எது நல்லது?

மூட்டைமுடிச்சு எழுதியது:

ஏப்ரல்தான் சிஸ்டர், யோசிக்கவே வேண்டாம். சகுரா, அதான் செர்ரிப் பூ, பார்க்காமல் ஜப்பான் போனதாகச் சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நான் 2018-இல் போனேன். 7 நாள் ரயில் பாஸ் எடுத்துவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஊரையும் பார்க்கலாம், பணமும் மிச்சம். ஹகோனேயில் ஃபுஜி மலை, ஹிரோஷிமா பக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கும் சிவப்புத் தோரணம், நாராவில் மான். தறி ஏதாவது மியூசியத்தில் இருக்கும், போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏரிக்கரைக்காரி எழுதியது:

நான் சென்னிமலைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. கியோட்டோவிலிருந்து ரயிலில் பத்து நிமிடத்தில் ஓட்சு, பிவா ஏரிக்கரை. போர்வைத் தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள் என்பதால், எந்தக் கையால் தள்ளினார் என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு உங்கள் அப்பாவை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

முதலில் பாஸ். மூட்டைமுடிச்சு சொன்னது அவர் போன காலத்துக்குச் சரி. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குப் புல்லட் ரயில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். நீங்கள் அதில் ஒரே ஒரு தடவைதான் போகவேண்டும், ஏனென்றால் அந்த ஏழு ஊரில் பாதியை நான் இப்போது அடிக்கப்போகிறேன்.

கோபப்படாதீர்கள், பட்ட பாடு பேசுகிறது. என் மாமியார் வந்தபோது நாங்களும் இப்படி ஒரு சுற்றுலாக்காரரிடம் பணம் கட்டி ஆறு நாளில் ஐந்து ஊர் போனோம். மாமியாருக்கு இன்றைக்கும் நினைவிருப்பது பஸ் ஏறியதும் இறங்கியதும்தான். கிமோனோ கட்டிவிட்டார்கள். அவர் முந்தானை ஓரத்தைத் தேய்க்கிற மாதிரி அந்தக் கிமோனோவின் கைப்பகுதியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "பாலியெஸ்டர்" என்றார். அப்புறம் போட்டோவுக்குச் சிரித்தார். 46 வருடம் பட்டு பிடித்த விரலை அந்தக் கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

ஆறு இரவு கியோட்டோ, நான்கு இரவு டோக்கியோ. அவ்வளவுதான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, டோக்கியோவிலிருந்து ஊருக்குத் திரும்புங்கள்.

கியோட்டோவில் அறையைக் கூடுமானவரை நகரின் வடமேற்கில், நிஷிஜின் பக்கம் எடுங்கள். நிஷிஜின் என்றால் மேற்குப் பாசறை. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் மேற்குப் படை முகாம் போட்ட இடம். போர் முடிந்து ஓடிப்போன நெசவாளர்கள் திரும்பி வந்து அங்கே தறி போட்டதால் துணிக்கும் அதே பெயர். இப்போது அங்கே முக்கியமாக நெய்வது ஓபி, அதாவது கிமோனோ மேல் கட்டுகிற இடுப்புப்பட்டை. அகலம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், நீளம் 4 மீட்டருக்கு மேல். 48 அங்குலச் சேலைக்கு நாடா தள்ளியவருக்கு அந்த அகலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். சிரிப்பு எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த ஊர்க் கதையும் காஞ்சிபுரத்துக்காரருக்குச் சொல்லாமலே புரியும். 1869-இல் அரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்ததும் நிஷிஜினுக்கு அரண்மனை வாடிக்கை போய்விட்டது. 1872-இல் மூன்று பேரை பிரான்சுக்கு, லியோன் நகருக்கு அனுப்பி ஜக்கார்டு, அதாவது துளை போட்ட அட்டை வைத்து டிசைன் நெய்கிற முறையை, கற்றுக்கொண்டு வரச்செய்தார்கள். நிஷிஜினிலும் தறி வீட்டில்தான், பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) டிசைனும் முதலாளி கொடுப்பது, நெய்தவருக்குக் கூலி. 1950 வாக்கில் 'கச்சாமான்' என்று ஒரு சொல்லே புழங்கியது. தறி 'கச்சா' என்று ஒருதரம் சத்தம் போட்டால் பத்தாயிரம் யென் என்று அர்த்தம். இன்றைக்கு அந்தத் தெருக்களில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால்தான் எங்காவது ஒரு தறி கேட்கும். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பா வயதுக்காரர்கள்.

முதல் நாள் நிஷிஜின் நெசவு மையத்துக்குப் போங்கள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து 9-ஆம் எண் பஸ், ஹொரிகவா இமதேகவாவில் இறங்கவேண்டும். அங்கே நெய்து காட்டுவார்கள். சுற்றுலாக்காரர்களுக்கான இடம்தான், ஆனாலும் கண் பழக அது வேண்டும்.

அப்பா பார்க்கவேண்டிய வேலை இரண்டு. ஒன்று ஹிக்கிபாக்கு. நம் சரிகை பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றி முலாம் பூசியது. இவர்கள் கையால் செய்த காகிதத்தில் அரக்குப் பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, அந்தத் தாளை நூல் அகலத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு கீற்றையும் கொக்கி வைத்த குச்சியால் இழுத்து ஊடையாகப் போடுகிறார்கள். வெட்டின வரிசை மாறாமல் போட்டால் தாளில் இருந்த படம் துணியில் அப்படியே திரும்பி வரும். காகிதத்தையா நெய்கிறார்கள் என்று கேட்பார் பாருங்கள்.

இன்னொன்று த்சுசுரே. நெய்கிறவர் நடுவிரல், மோதிர விரல் நகங்களை அரம் வைத்து ரம்பப் பல் மாதிரி தேய்த்து வைத்திருப்பார். சின்னச் சின்ன நாடாக்களில் பல நிற ஊடையை வேண்டிய இடத்துக்கு மட்டும் விட்டு, அந்த நகத்தாலேயே கீறிக் கீறி இறுக்குவார். பூ சிக்கலானதாக இருந்தால் ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டர்கூட நகராது.

இப்போது முக்கியமான விஷயம். பட்டறைக் கதவைத் தட்டிவிட்டு நுழைந்துவிடாதீர்கள். நான் வந்த புதிதில் சத்தம் கேட்ட வீட்டுக் கதவை ஆர்வக்கோளாறில் திறந்து கேமராவை நீட்டினேன். உள்ளே இருந்த பெரியவர் திட்டவில்லை. எழுந்து வந்தார், குனிந்தார், கதவைச் சாத்தினார். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு மாதம் முன்பே கடிதம் எழுதவேண்டும், ஜப்பானிய மொழியில், ஒரு பக்கத்துக்குள். "என் அப்பா 46 வருடம் நெய்தவர், ஒரு மணி நேரம் உங்கள் வேலையைப் பார்க்க விரும்புகிறார்." அவ்வளவு போதும். அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்று இருந்தால் வையுங்கள், அது உங்கள் கடிதத்தைவிட அதிகம் பேசும். நான்கு இடத்துக்கு எழுதினால் ஒன்றாவது பதில் வரும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். உரிமம் வாங்கிய மொழிபெயர்ப்பு வழிகாட்டி ஒருவரை அந்த அரை நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளுக்கு வழிகாட்டி தேவையில்லை, போன் போதும்.

அப்பாவுக்கு நான்கு வார்த்தை சொல்லிக்கொடுங்கள். பாவு தாதெ இதோ. ஊடை யோகோ இதோ. நாடா ஹி. அச்சு ஓசா. இவ்வளவு தெரிந்தாலே அங்கே அவர் டூரிஸ்ட் இல்லை.

மாதம், டிசம்பர். ஏப்ரல் முதல் வாரத்தில் கியோட்டோ அறை வாடகை உங்கள் 5 லட்சத்தைத் தின்றுவிடும், பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. டிசம்பர் ஆரம்பத்தில் சிவந்த மேப்பிள் கடைசிக்கட்டம், கூட்டம் வடிந்திருக்கும். அதைவிடப் பெரிய காரணம் டிசம்பர் 8. அன்றைக்கு இங்கே ஹரி குயோ. ஒடிந்த, தேய்ந்த ஊசிகளுக்குக் கோயிலில் வைத்து நன்றி சொல்லி வழியனுப்புவது. ஆயுள் முழுக்க முரட்டுத் துணியைக் குத்திய ஊசிக்குக் கடைசியாக மெத்தென்று ஓர் இடம் என்று, தோஃபுவிலோ, கொன்னியாக்கு என்ற கிழங்குக் கட்டியிலோ குத்தி வைப்பார்கள். கியோட்டோ அரஷியாமாவில் ஹோரின்ஜி கோயிலில் பெரிதாக நடக்கும், ஊசிகளில் வண்ண நூல் கோர்த்திருப்பார்கள். தறிக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை படைத்தவருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நாராவுக்கு ஒரு நாள் தாராளமாகப் போங்கள், மானுக்காக இல்லை. தோதாய்ஜி பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தூரிகையில் நீளமான நீலப் பட்டுக் கயிறு கட்டி, வந்திருந்தவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறப்பில் எல்லாருக்கும் பங்கு இருக்கட்டும் என்று. அந்தக் கயிறு இன்னும் அங்கே ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. எப்போதும் பார்க்கக் கிடைக்காது. அப்பாவிடம் சொல்லிவிட்டு புத்தரைப் பாருங்கள், அது போதும்.

டோக்கியோ பக்கத்தை நாளைக்கு எழுதுகிறேன், பாத்திரம் குவிந்து கிடக்கிறது.

ரவாதோசை எழுதியது:

சாப்பாட்டுப் பஞ்சாயத்துக்கு நான் வருகிறேன். ஏழு வருடம் டோக்கியோவில் சைவமாகவே ஓட்டியவன்.

ஜப்பானில் சைவத்துக்கு எதிரி இறைச்சி இல்லை, தாஷி. பொனிட்டோ மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கிற சாறு. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, கீரை மேல் ஊற்றுகிற தண்ணீர், எல்லாவற்றிலும் இருக்கும். "மீன் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், பொய்யில்லை, துண்டு இல்லைதான். "நிக்கு மோ சகானா மோ தாபெமசென், காத்சுஓ தாஷி மோ தமே தேசு" என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், காத்சுஓ, அதாவது பொனிட்டோ, தாஷியும் ஆகாது என்று அர்த்தம்.

ராத்திரிக்கு ஹோட்டலை நம்பாதீர்கள். எந்த மூலையிலும் இருக்கிற 24 மணி நேரக் கடையில் வெந்த வெறும் சாதம் பாக்கெட்டில் கிடைக்கும், அவர்களே மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுப்பார்கள். பக்கத்து அலமாரியில் இனிப்புப் போடாத தயிர். உமேபோஷி என்று உப்பில் ஊறிய புளிப்புக் காய் ஒரு டப்பா. நம் உப்பு நார்த்தங்காய்க்குத் தம்பி. ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைப் போன் மொழிபெயர்ப்பில் பாருங்கள், சிலதில் தேனும் காத்சுஓவும் சேர்த்திருப்பார்கள். நான் ஏழு வருடத்தில் ஆயிரம் ராத்திரியாவது இதைத்தான் சாப்பிட்டிருப்பேன். டோக்கியோ நிஷி கசாயில் நம்மவர்கள் நிறைய, இட்லி அரிசிகூட வாங்கலாம்.

கோயா மலையை விட்டுவிட்டீர்களே ஏரிக்கரை? கோபோ தாய்ஷி என்கிற கூகாய் 816-இல் ஏற்படுத்திய மடம். கோயில் விடுதியில் ஒரு ராத்திரி தங்கினால் ஷோஜின் ரியோரி சாப்பாடு, மீன் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. காலையில் கோமா பார்க்கலாம். நெருப்பு வளர்த்து மந்திரம் சொல்லி நெய்க்குப் பதில் எண்ணெய், சுள்ளி போடுவார்கள். பெயரே நம் ஹோமம்தான். கல்லறைகளில் சித்தம் லிபி, வடமொழி எழுதப் பயன்பட்ட பழைய இந்திய எழுத்து. அப்பா அசந்துபோவார்.

காஞ்சித்தறி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஏரிக்கரை அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நகத்தை ரம்பமாக்குகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "அப்புறம் எப்படிச் சோறு பிசைவாங்க?" என்றார்.

டிசம்பர் 3 முதல் 14 வரை லீவு போட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். கோயா மலை போகலாமா? பட்டறைக்காரருக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துப் போகட்டுமா? அப்பா நெய்த கடைசிச் சேலை வீட்டில் இருக்கிறது.

ஏரிக்கரைக்காரி எழுதியது:

சோறு பிசைகிற கேள்விக்குப் பதில், குச்சியால். அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

சேலை வேண்டாம். அதுவும் கடைசிச் சேலை வேண்டவே வேண்டாம். இங்கே பெரிய பரிசு கொடுத்தால் வாங்கியவர் அதற்கு ஈடாகத் திருப்பிச் செய்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கமாட்டார், அது மரியாதை இல்லை, கடன். கோர்வைக் கரை ஒரு சாண் துண்டு இருக்கிறதா? உடலும் கரையும் சேருகிற இடம் தெரிகிற மாதிரி வெட்டி எடுத்து வாருங்கள். சேலையைக் கொடுத்தால் குனிந்து உள்ளே எடுத்துவைப்பார்கள். துண்டைக் கொடுத்தால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்ப்பார்கள்.

கோயா மலை அருமைதான், ரவாதோசையோடு சண்டை இல்லை. ஆனால் ஏறக்குறைய 800 மீட்டர் உயரம், டிசம்பர் ராத்திரி, குளிர்ந்த மரத் தாழ்வாரம், தரையில் படுக்கை, விடியற்காலை பூஜை. முட்டி நோவுக்காரரை அங்கே ஏற்றி இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சாப்பாடு அரஷியாமாவிலேயே இருக்கிறது. தென்ரியூஜி கோயிலுக்குள் ஷிகெத்சு என்ற இடம், ஷோஜின் ரியோரி, முன்பதிவு செய்யவேண்டும். தரையில் உட்கார முடியாது என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். 8-ஆம் தேதி மதியம் அங்கே சாப்பிட்டு, தொகெத்சு பாலத்தைக் கடந்தால் அந்தக் கரையில் ஹோரின்ஜி. அங்கே கொஞ்சம் படி உண்டு. நின்று நின்று ஏறட்டும், பார்க்க ஆறு இருக்கிறது. சடங்கு நேரத்தை ஒரு வாரம் முன்பு நான் விசாரித்துச் சொல்கிறேன்.

டோக்கியோவுக்குக் கிளம்புகிற முந்தின நாள் பெட்டிகளைக் கறுப்புப் பூனை கூரியரில் போட்டுவிடுங்கள், மறுநாள் அந்த ஹோட்டலில் இருக்கும். கையை வீசிக்கொண்டு ரயில் ஏறலாம். E இருக்கை கேட்டு வாங்குங்கள். டோக்கியோவுக்கு முக்கால் மணி நேரம் முன்பு இடப்பக்கம் ஃபுஜி வரும், டிசம்பரில் பெரும்பாலும் முகம் காட்டும். ஹகோனே முடிந்தது.

டோக்கியோவில் இரண்டு வெளியூர். ஒன்று தொமியோகா பட்டு ஆலை. தகசாகி வரை புல்லட் ரயில், அங்கிருந்து குட்டி ரயில். நிஷிஜின்காரர்கள் லியோனுக்குப் போன அதே 1872-இல் அரசாங்கம் பிரெஞ்சுக்காரர்களை வைத்துக் கட்டியது, செங்கல் கட்டடம், கூட்டைக் கொதிக்கவைத்து இழை எடுக்கிற ஆலை. முதலில் வேலைக்குப் பெண்கள் வரமாட்டேன் என்றார்களாம். வெள்ளைக்காரர்கள் ரத்தம் குடிக்கிறார்கள் என்று வதந்தி. அது சிவப்பு ஒயின். 1987 வரை ஓடியது, இயந்திரங்கள் வரிசையாக அப்படியே நிற்கின்றன, செய்தது நிஸ்ஸான், கார் கம்பெனியேதான்.

இன்னொன்று கவகொயெ, இகெபுகுரோவிலிருந்து அரை மணி. பழைய கறுப்புச் சுவர்க் கடைத்தெரு, எல்லாரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஐஸ்கிரீமுக்குப் போவார்கள். நீங்கள் தோசான் துணி கேளுங்கள், மெல்லிய கோடு போட்ட பருத்தி. அதன் பழைய பெயர் சாந்தொமெ. நம் மயிலாப்பூர் சாந்தோம்தான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன கோட்டுத் துணிக்கு இங்கே அந்தப் பெயரே நின்றுவிட்டது, பிறகு இவர்களே அதைப் பார்த்து நெய்ய ஆரம்பித்தார்கள். ஒரு கைக்குட்டையாவது வாங்குங்கள்.

விசாவுக்கு நாள்வாரித் திட்டம் கேட்பார்கள், இதையே எழுதிக் கொடுங்கள். நடுவில் இரண்டு நாளை அப்பாவுக்குச் சும்மா விடுங்கள்.

காஞ்சித்தறி எழுதியது:

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. கேட்டுவிட்டுக் காணாமல் போனவள் என்று ஆகிவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான்கு கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. பட்டறையில் 70 வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா, அவருடைய தம்பி, இரண்டு தறி. வழிகாட்டிப் பெண் அரை மணி நேரம் நன்றாக மொழிபெயர்த்தார், அதன் பிறகு அவருக்கு வேலையே இல்லை. அப்பா பாவைக் காட்டி "தாதெ இதோ" என்றதும் அந்த அம்மா கையைத் தட்டினார். கோர்வைத் துண்டைக் கொடுத்தோம். அக்கா சொன்ன மாதிரியே ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார், கரை சேருகிற இடத்தில் நகத்தை வைத்து நெருடினார், தம்பியைக் கூப்பிட்டார், அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நெருடினார். இத்தனைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த தறியில் பழைய பாவின் முனையில் புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் அச்சு பிணைக்கிறது என்போம். இதற்கென்றே வீடு வீடாக வருகிற ஆட்கள் அங்கேயும் உண்டாம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அந்த அம்மா ஏற்கெனவே முக்காலியை நகர்த்திவிட்டார். அப்பா உட்கார்ந்து கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இரண்டு இழையைப் பிடித்து ஒரு முறுக்கு. அவர்கள் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கம். அந்த அம்மா இழுத்துப் பார்த்தார், அறவில்லை. பதினோரு இழை இணைத்தார், எண்ணினேன். மூன்று வருடமாக நூல் தொடாத கை.

ஹோரின்ஜியில் ஊசி குத்தும்போது அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அம்மா முந்தானைக் குஞ்சம் முடியும்போது வைத்திருந்த ஊசியாம், முனை மழுங்கினது. கொண்டுவந்திருப்பதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. சிவப்பு நூல் கோர்த்துக் குத்திவிட்டுக் கும்பிட்டார். கீழே இறங்க அரை மணி ஆனது.

குளிர்தான் எதிர்பார்த்ததைவிட அதிகம். கடையில் விற்கிற ஒட்டுகிற சூட்டுப் பொட்டலம் இரண்டு முட்டியிலும் உடைக்கு மேல் ஒட்டிக்கொண்டேதான் நடந்தார். தயிர் சாதம் ஒன்பது ராத்திரி, ரவாதோசை அண்ணனுக்குக் கோயில் கட்டலாம். உமேபோஷியை மட்டும் ஒரு கடி கடித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். செலவு 5 லட்சத்தை 38,000 தாண்டிவிட்டது, அதில் பாதி கவகொயெயில் நான் வாங்கிய துணி, அப்பாமேல் பழியில்லை. தொமியோகா போகவில்லை. அந்த நாளை அப்பா மறுபடி நிஷிஜினுக்கே கேட்டார், அதனால் டோக்கியோவில் ஓர் இரவைக் குறைத்துக் கியோட்டோவில் ஒன்றைக் கூட்டிக்கொண்டோம். பட்டறைக்கு இல்லை, சும்மா அந்தத் தெருவில் நடக்க. இரண்டு இடத்தில் தறி கேட்டது.

கடைசி ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அப்பா சொன்னார்: "அங்கே பார்த்த எல்லாரும் வலக்கைக்காரங்கதான். டிவியில வந்த பாட்டி மட்டும் இடக்கை. நான் அப்பவே நினைச்சேன்."